காவலரும் காவலனும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழில் 'காவலன்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வேலேந்தி வாயிலில் நிற்பவனும் காவலன். அரியணையில் வீற்றிருப்பவனும் காவலன். ஊர்க்காவலனையும் நாட்டின் வேந்தனையும் ஒரே சொல்லால் அழைத்த மொழி இது. அதற்குள் ஒரு நீதிக் கோட்பாடு இருக்கிறது. கீழே நிற்கும் காவலன் செய்யும் பிழை மேலே இருக்கும் காவலனைச் சேரும் என்பதே அது. அந்நியர் ஆட்சி வந்தபோது இந்தச் சொல் இரண்டாகப் பிளந்தது. காவலர் ஊரிலேயே இருந்தனர். காவலன் கோட்டைக்கும் கடலுக்கு அப்பாலும் போய்விட்டான். காவலர் தவறு செய்தால் அவரைத் தண்டிக்கும் உரிமை யாருக்கு, அவரால் துன்புற்றவர் எந்த வாயிலில் நின்று முறையிடுவது என்ற கேள்வி அன்று எழுந்தது. சட்டம் இதனை ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் என்று கூறும். கோப்புகளுக்குள் அடங்கிக் கிடக்கும் செய்தி போலத் தோன்றினும், எளிய மக்களின் முதுகில் எழுதப்பட்ட செய்தி இது.

பாண்டியன் ஏற்ற பழி

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை இந்தக் கண்கொண்டு மீண்டும் பயிலலாம். பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் பாண்டியன் ஊர்காப்பாளரை அழைத்து ஆணையிடுகிறான். காவலர் உடனே வாளை உருவிவிடவில்லை. கோவலனைப் பார்த்ததும் இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் களவு நூலையெல்லாம் எடுத்துரைத்து அவர்களின் தயக்கத்தைக் கரைக்கிறான். முடிவில் கல்வியறிவு இல்லாத, குடிவெறி ஏறிய ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஒரு காவற்குழுவிற்குள் தயக்கமும் உண்டு, வெறியும் உண்டு, ஆணைக்கு அஞ்சும் அச்சமும் உண்டு என்பதை இளங்கோவடிகள் சில அடிகளுக்குள் காட்டிவிடுகிறார்.

வாளை வீசியவனுக்கு என்ன ஆயிற்று என்று காப்பியம் சொல்லவில்லை. கண்ணகியும் அவனைத் தேடிச் செல்லவில்லை. அவள் நேரே அரசவைக்குச் செல்கிறாள். வாயிற்காவலன் அவளைத் தடுத்து நிறுத்தி வைக்கவில்லை. உள்ளே சென்று அரசனிடம் அறிவிக்கிறான். சிலம்பு உடைந்து உண்மை வெளிப்பட்டதும், குடித்திருந்த காவலன் செய்த பிழை என்று பாண்டியன் நழுவவில்லை. ஆணை தன்னுடையது, ஆதலால் பழியும் தன்னுடையது என்று ஏற்று அரியணையிலேயே உயிர்விடுகிறான். காவலரின் குற்றத்திற்குக் காவலன் பொறுப்பேற்ற அந்தக் காட்சியை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டால், பின்வந்த நூற்றாண்டுகளை அளக்க வேறு கருவி தேவையில்லை.

பாடிகாவலும் எல்லை வரப்பும்

பாகூர் ஏரியையும் மூலநாதர் கோயிலையும் அறிந்தோர்க்கு அவ்வூரின் செப்பேடும் தெரிந்திருக்கும். நிருபதுங்க பல்லவன் காலத்தில் பாகூர் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்ட செய்தியைக் கூறுவது அது. கொடைநிலத்திற்கு எவ்வெவ்விலக்குகள் உண்டு, எந்தெந்தக் கடமைகள் அங்கே தண்டப்படலாகா என்று வரையறுப்பது பல்லவர் செப்பேடுகளின் இயல்பு. அதிகாரத்திற்கு எல்லை உண்டு, அந்த எல்லை எழுத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதியதன்று. சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்னும் வரி பல இடங்களில் வருகிறது. காவலுக்கு ஊர் கூலி கொடுத்தது. கூலி கொடுத்த ஊருக்குக் காவல் கடமைப்பட்டது.

பிற்காலத்தில் காவற்காரர், தலையாரி என்று இந்த முறை தொடர்ந்தது. களவுபோன பொருளைக் காவற்காரர் மீட்டுத் தரவேண்டும். மீட்க இயலாவிடில் அதன் மதிப்பைத் தாமே ஈடுகட்ட வேண்டும் என்ற வழக்கம் தமிழ் மாவட்டங்களில் இருந்ததைக் கும்பினி அதிகாரிகளே பதிவு செய்துள்ளனர். இந்த முறையைப் பொற்காலமென்று போற்றவேண்டிய தேவையில்லை. காவற்கூலி என்ற பெயரில் மிரட்டிப் பணம் பறித்ததும் நடந்தது. சாதியின் மேல்கீழ் அதில் ஊறியிருந்தது. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. காவலன் தவறினால் பொருளிழந்தவனுக்கு நேரே பதில் சொல்லவேண்டியவனாக இருந்தான். தண்டனை என்பது இழந்தவன் கைக்குத் திரும்பி வரும் ஈடாக இருந்தது.

இப்பகுதியின் எல்லைகள் உருவான கதை வேறு. 1749இல் சந்தா சாகிப் வழியாக வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் பிரெஞ்சுக் கும்பினியின் கைக்கு வந்தன. 1752இல் பாகூர் மண்ணிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சியரும் மோதினர். இரு பக்கத்திலும் இந்நாட்டுச் சிப்பாய்கள் நின்றனர். போர்களில் கைமாறிய இவ்வூர்களைப் புதுச்சேரிக்குத் துணைநிலமாகப் பெற்றுத்தர இங்கிலாந்து ஒப்புக்கொண்டதை 1783ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை பெயர் சொல்லிக் குறிக்கிறது. பாரிசுக்கு அருகே அமர்ந்து எழுதிய தாளில் பாகூரின் பெயர் ஏறியது; பாகூரில் உழுதவனை எவரும் கேட்கவில்லை.

அதன் விளைவை இன்றும் நிலப்படத்தில் காணலாம். புதுச்சேரிக் கம்யூன்கள் ஒரே பரப்பாக இல்லாமல், பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்து ஊர்களுக்கு இடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. பாகூர்ப் பகுதிக்கும் புதுச்சேரி நகருக்கும் இடையே வேற்று நிலம் குறுக்கிடுகிறது. ஒரு வயல்வரப்பின் இப்பக்கம் பிரெஞ்சுச் சட்டம். அப்பக்கம் ஆங்கிலச் சட்டம். வரப்பைத் தாண்டிய காவலனின் ஆணை செல்லாது. உழவனின் மாடு எல்லை பாராமல் மேய்ந்தது. காவலனின் அதிகாரம் மட்டும் வரப்பிலேயே நின்றது.

நயினார் முதல் சிப்பாய் வரை

பிரெஞ்சுப் புதுச்சேரியின் தொடக்ககாலத்தில் ஊர்க் காவற் சேவகர்களின் தலைவருக்கு 'நயினார்' என்ற பட்டம் வழங்கிற்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பயின்றவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. நயினார் தமிழர், அவருக்குக் கீழிருந்த சேவகரும் தமிழர். அவர்களை வைப்பதும் நீக்குவதும் ஆளுநரின் விருப்பம். பழக்கமான பெயரும் பழக்கமான முகமும் ஊர்மக்கள் கண்முன் இருந்தன. அந்த முகத்தைக் கண்டிக்கும் அதிகாரம் மட்டும் மொழி தெரியாத மாளிகைக்குப் போயிற்று. இடையில் நின்ற துபாஷியின் நாவே முறையீட்டுக்குப் பாலமாயிற்று. பாலத்தைக் கடக்க எல்லோராலும் கூலி கொடுக்க இயலவில்லை.

நெப்போலியன் வீழ்ந்தபின் 1814இல் கையெழுத்தான பாரிசு உடன்படிக்கை இன்னொரு வியப்பான நிலையை உண்டாக்கியது. இந்தியாவில் திரும்பப்பெறும் இடங்களில் பிரான்சு கோட்டை கட்டலாகாது. உள்ளூர்க் காவலுக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே படைவீரர்களை வைத்துக்கொள்ளலாம் என்று அதன் 12ஆம் பிரிவு விதித்தது. 1816இல் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சியர் கைக்கு வந்தது. ஆகவே அதன்பின் இங்கிருந்த சிப்பாய் உடையால் போர்வீரன், உடன்படிக்கையின்படி காவலன். படைக்குரிய கீழ்ப்படிதலை அவனிடம் எதிர்பார்த்தனர். ஆனால் எதிரிநாட்டுப் படை எதுவும் அவன்முன் நிற்கவில்லை. அவன்முன் நின்றவர்கள் சந்தைக்கும் ஆலைக்கும் திருவிழாவுக்கும் வந்த அவனுடைய சொந்த மக்களே.

1819 சனவரி 6ஆம் நாள் ஒழுங்குவிதியால் பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகள் இங்கே நடைமுறைக்கு வந்தன. இந்தியர்களுக்கு அவரவர் சாதியின் சட்டமும் வழக்கமும் பொருந்தும் என்றும் அவ்விதி உறுதி கூறியது. திருமணத்திலும் சொத்திலும் பழைய வழக்கம் நின்றது. காவலரின் ஒழுங்கில் அவ்வாறு எதுவும் நிற்கவில்லை. இழந்தவனுக்கு ஈடுகட்டும் பழங்காவல் நெறியைக் காக்கவேண்டிய வழக்கமாக எவரும் கருதவில்லை. வீட்டுக்குள் ஊர்வழக்கு, வீதியில் அரசாணை என்ற பிரிவினையே மிஞ்சியது.

பிரான்சு நாட்டிலேயே அரசு அலுவலர்மீது வழக்குத் தொடர அரசின் உயர் அவையிடம் முன்னிசைவு பெறவேண்டும் என்ற விதி 1799ஆம் ஆண்டு அரசியல் அமைப்பில் இருந்தது. மூன்றாம் குடியரசு பிறந்த 1870இல்தான் அது நீக்கப்பட்டது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய நாட்டின் நிலையே அதுவாயின், வில்லியனூரில் கையொப்பமிடத் தெரியாத ஒரு குடியானவன் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

வரப்புக்கு அப்பால்

ஆங்கிலேயர் பக்கத்தில் இந்தக் கதை இன்னும் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆம் ஒழுங்குவிதி ஊர்த்தலைவரிடமும் தாசில்தாரிடமும் காவற்பணியை ஒப்படைத்தது. அதே காலத்தில் நீதிபதியிடமிருந்த மாஜிஸ்திரேட் அதிகாரம் கலெக்டரிடம் போயிற்று. வரி தண்டுபவரே காவலர். அவருக்கு மேலதிகாரியே மாஜிஸ்திரேட். சிறு அடிதடிக்கும் வசைச்சொல்லுக்கும் ஊர்த்தலைவர் ஒருவரைச் சாவடியில் 12 மணிநேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றம் செய்தவர் தாழ்ந்த சாதியினராயின், 6 மணிநேரம் வரை தொழுமரத்தில் பூட்டி வைக்கலாம் என்றது அவ்விதி. சாதிக்கொரு தண்டனையை ஐரோப்பியரின் அச்செழுத்து அன்று சட்டமாக்கியது. மனுநூலைக் குறைகூறும் மேடைகளில் இந்த விதியையும் சேர்த்துச் சொல்வது நேர்மையாகும்.

வரியும் காவலும் ஒரே கையில் சேர்ந்ததன் விளைவு அரைநூற்றாண்டுக்குள் தெரிந்தது. சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதற்காக மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1854இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை சென்றது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டு 1855இல் அறிக்கை தந்தது. ஏறத்தாழ 2000 முறையீடுகள் அவ்வாணையத்திற்கு வந்தன. நேரில் வந்தவர் பலர். மடல் எழுதியவர் அவர்களினும் பலர். விரல்களை இடுக்கி நசுக்கும் கிட்டி, கழுத்தையும் காற்பெருவிரலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைக்கும் அண்ணந்தாள் என்று தமிழ்ச் சொற்கள் ஆங்கில அறிக்கைக்குள் ஏறின. தமிழ் உலகுக்கு அளித்த சொற்களைப் பெருமையோடு பட்டியலிடும்போது இவ்விரண்டையும் விட்டுவிடக் கூடாது.

அந்த அறிக்கை சித்திரவதை நடந்ததை ஒப்புக்கொண்டது. முறையீடு செய்வோர்க்கு நீதி கிட்டுவது எவ்வளவு அரிது என்பதையும் காட்டியது. ஆயினும் அதன் முடிவில் குற்றம் முழுவதும் சுதேசி அலுவலர் தலையில் இறங்கியது. ஐரோப்பிய அதிகாரிகள் அதற்கு உடந்தையல்லர் என்று விடுவிக்கப்பட்டனர். வரிப்பணத்தை ஒரு காசும் குறையாமல் எதிர்பார்த்த கை தூய்மையானது. அந்தப் பணத்தைப் பிழிந்தெடுத்த கை மட்டும் கறைபட்டது. 1857இல் கார்ல் மார்க்சு நியூயார்க் நாளிதழொன்றில் இந்த அறிக்கையை எடுத்து எழுதியபோது இந்த முரணைத்தான் சுட்டினார். மதுரை அரசவையில் பழி மேலே ஏறியது. சென்னை ஆணையத்தில் பழி கீழே இறங்கியது. காவலன் என்ற சொல் பிளந்த இடம் இதுவே.

அறிக்கையின் பயனாக 1859இல் சென்னைக்குத் தனிக் காவற்சட்டம் வந்தது. வில்லியம் ராபின்சன் முதல் காவற்படைத் தலைவரானார். வரி தண்டும் வேலை காவலரிடமிருந்து பிரிக்கப்பட்டது. அது நல்ல மாற்றமே. இரண்டாண்டுகளுக்குப் பின் மற்ற மாகாணங்களுக்கு 1861ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் வந்தது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1861ஆம் ஆண்டுச் சட்டம் காவலனின் ஒழுங்கை எவ்வாறு வகுத்தது என்பதை விரித்துரைப்பது தகும். மேலதிகாரி அவனை நீக்கலாம், இடைநிறுத்தலாம், பதவி குறைக்கலாம். ஒரு மாதச் சம்பளம் வரை தண்டம் விதிக்கலாம். 15 நாள் வரை குடியிருப்பில் அடைத்து வைக்கலாம். கூடவே தண்டப் பயிற்சியும் கூடுதல் காவலும் சுமத்தலாம். கடமையில் தவறினால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி 3 மாதச் சம்பளம் வரை தண்டமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வாங்கித் தரலாம். வேலையை விட்டுப் போகவும் அவனுக்கு உரிமை இல்லை. மேலதிகாரியின் இசைவோ, இரண்டு மாத முன்னறிவிப்போ வேண்டும். நாளின் எல்லா நேரமும் அவன் பணியிலிருப்பவனாகவே கருதப்படுவான்.

இத்தனை பிரிவுகளிலும் காவலனால் அடிபட்டவன் தேடிச் செல்லத்தக்க இடம் எங்கே என்று பார்த்தால், அவனை 42ஆம் பிரிவில் காணலாம். அவன் வழக்குத் தொடுப்பதாயின் 3 மாதத்திற்குள் தொடுத்தாக வேண்டும்; அதற்கும் ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாத மக்கள் நிறைந்த நாட்டில் எழுத்தில் அறிவிப்பு. காவலனைத் தண்டிக்க மேலதிகாரிக்கு எத்தனையோ கதவுகள். அடிபட்டவனுக்கு ஒரே கதவு, அதிலும் காலக்கெடு என்னும் பூட்டு. காவலனின் அச்சமெல்லாம் மேலே நோக்கியது. அவன் கைத்தடி கீழே இறங்கியது. ஒழுங்கு என்றால் கீழ்ப்படிதல் என்று பொருளாயிற்று. நேர்மை என்ற பொருள் தேய்ந்தது. 1902ஆம் ஆண்டு அமைந்த ஃபிரேசர் ஆணையம் காவற்படை ஊழல் மிக்கது, மக்களை ஒடுக்குவது என்று வெளிப்படையாகவே எழுத நேர்ந்தது.

பழைய காவல்முறைக்கு நேர்ந்த முடிவை ஒரு நிகழ்ச்சியால் அறியலாம். மதுரைச் சீமையில் தலைமுறைகளாக ஊர்க்காவல் புரிந்த பிரமலைக் கள்ளர் சமூகம் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. காவல் காத்தவர்கள் இரவில் காவலரிடம் சென்று தம்மைப் பதிவு செய்துகொள்ளும் நிலை வந்தது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் 1848இல் ஆங்கிலேயர் ஒரு சுதேசிக் காவற்படையை அமைத்தனர். வீரர்கள் அந்நாட்டுப் பழங்குடியினர், அதிகாரிகள் வெள்ளையர். தாம் அனுப்பப்படும் நிலத்து மக்களோடு உறவில்லாதிருக்க வேண்டும் என்பதற்காக வீரர்களைத் தொலைவிலிருந்து திரட்டினர். அப்படை பல கொலைகளைச் செய்தது. கண்ணால் கண்ட பழங்குடியினரின் சாட்சியம் அந்நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீதிமன்றத்தில் செல்லவில்லை. மொழியும் நிலமும் வேறு, கட்டுமானம் ஒன்றே. கீழுள்ளவன் சொல் கேட்கப்படாத இடத்தில் காவலனின் ஒழுங்கு எசமானனின் வீட்டு விவகாரமாகிவிடுகிறது.

கவிஞரும் காவலர் ஒழுங்கும்

இந்தச் செய்தியில் கவிஞர்க்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றலாம். கவிஞரை இதற்குள் இழுத்தது சட்டமே. 1908இல் புதுச்சேரிக்கு வந்த பாரதியார் பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்தார். ஆங்கிலேயரின் மறைகாவலர் அவரைச் சுற்றியே திரிந்தனர். ஆயினும் பிரெஞ்சு மண்ணில் அவரைத் தொடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய்ச்சான்றுகள் போடப்பட்டபோது, அவற்றைக் கண்டெடுத்தவர்கள் தாங்களே முந்திச் சென்று பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். ஒருவரது காவலரின் சூழ்ச்சிக்கு எதிராக இன்னொருவரது காவலரிடம் முறையிட வாய்ப்பிருந்ததால் அன்று அவர்கள் தப்பினர். 1918 நவம்பர் 20ஆம் நாள் பாரதியார் எல்லையைக் கடந்து கடலூர்ப் பக்கம் சென்றபோது கைதானார். கவிஞரும் கவிதையும் மாறவில்லை; வரப்பு மட்டும் மாறியது.

1922இல் ஆங்கில அரசு இன்னொரு சட்டம் இயற்றியது. காவலரிடையே அரசுமீது வெறுப்பை விளைவிப்போர், பணியைக் கைவிடவோ ஒழுங்கை மீறவோ அவர்களைத் தூண்டுவோர் 6 மாதம் வரை சிறையோ, 200 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ அடையலாம் என்றது அச்சட்டம். ஒத்துழையாமை இயக்கம் பரவியிருந்த காலம் அது. காவலனின் மனச்சான்றை நோக்கிப் பேசுவதே குற்றமாயிற்று. காவலனின் ஒழுங்கைக் குலைக்க வல்லது படைக்கலமன்று, சொல்லே என்று அரசு அஞ்சியது. சொல்லின் வலிமைக்கு அரசே அளித்த சான்றிதழ் இதனினும் வேறுண்டோ?

இம்மண்ணில் 1936 சூலை 30ஆம் நாள் ஆலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சு அரசின் படையினர் சுட்டதில் 12 பேர் உயிர்நீத்தனர். அவர்களின் குருதியால் எட்டுமணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகள் அடுத்த ஆண்டே சட்டமாயின. ஆண்டுதோறும் அத்தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது, கவிதைகளும் பாடப்படுகின்றன. சுடு என்ற சொல் எந்த வாயிலிருந்து புறப்பட்டு, எத்தனை படி இறங்கி, துப்பாக்கியின் விசையை அடைந்தது என்ற வினாவுக்கும் ஒரு கவிதை தேவை. இளங்கோவடிகள் ஊர்காப்பாளரின் தயக்கத்தைப் பாடியதுபோல, அந்தப் படிகளில் தயங்கி நின்றவன் எவனேனும் இருந்தானா என்று கேட்கும் கவிதை அது.

1954ஆம் ஆண்டு அந்தப் படிக்கட்டே ஆட்டங்கண்டது. மார்ச்சு 18ஆம் நாள் புதுச்சேரிப் பகுதியின் கம்யூன் தலைவர்கள் இந்தியாவோடு இணைய விரும்பித் தீர்மானித்தனர். அம்மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் எதுவார் குபேர் தலைமையில் தற்காலிக அரசு எழுந்தது. யானத்தில் சூன் 13ஆம் நாள் விடுதலைக்குத் தலைமை தாங்கிய ததால ரபேல் ரமணய்யா முன்னர் பிரெஞ்சிந்தியக் காவல்துறையில் அதிகாரியாக இருந்தவர். கீழ்ப்படிதலைத் தொழிலாகப் பயின்ற ஒருவர் யாருக்குக் கீழ்ப்படிவது என்று தாமே தீர்மானித்தார். அக்டோபர் 18ஆம் நாள் வில்லியனூர்ப் பகுதியைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பேராளர் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்பை ஏற்றனர், 8 பேர் மறுத்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி மாறியது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியும் நிறைவேறியது. 1783இல் பாகூரைக் கேளாமல் பாகூரின் பெயரை எழுதினர். 1954இல் கீழூரில் மக்களின் பேராளரைக் கேட்டுவிட்டு எழுதினர். இடைப்பட்ட 171 ஆண்டுகளின் வேறுபாடு அதுவே.

ஆராய்ச்சி மணியின் கயிறு

விடுதலைக்குப் பின் காவலனுக்கு ஒரு நீதி கிடைத்தது. விசாரணையின்றி, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பின்றி அவனைப் பணிநீக்கம் செய்தலாகாது என்று அரசியல் அமைப்பின் 311ஆம் பிரிவு பொதுவிதியாகக் காக்கிறது. பொது ஒழுங்கைக் காக்கும் படைகளில் கட்டுப்பாடு நிலைக்க வேண்டி அவர்களின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்திற்கு 33ஆம் பிரிவு இடமளிக்கிறது. இவ்விரண்டும் காவலனுக்கும் அரசுக்கும் இடைப்பட்டவை. மூன்றாமவர், அதாவது காவல் நிலைய வாயிலில் நிற்கும் குடிமகன், வெகுகாலம் கழித்தே கணக்கில் வந்தார். கைது செய்யும்போது காவலர் பின்பற்றவேண்டிய நெறிகளை உச்சநீதிமன்றம் 1996இல் வகுத்தது. காவலர்மீது மக்கள் நேரே முறையிடத்தக்க ஆணையங்களை மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் அமைக்க வேண்டும் என்று 2006 செப்டம்பர் 22ஆம் நாள் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1861க்கும் 2006க்கும் இடையே 145 ஆண்டுகள். காவலனின் ஒழுங்கில் அடிபட்டவனுக்கும் பங்குண்டு என்று சொல்ல அத்தனை காலம் ஆயிற்று.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர் வந்து பிடித்திழுப்பது வழக்கமாக இருந்தது. அவ்வழக்கம் ஆட்சி மாறியபின்னும் தொடர்ந்தது. மக்களோடு மக்களாக ஆள்வோர் ஒரு கயிற்றைத் தொடும் நாள் அது, அழகிய காட்சிதான். எனினும் தமிழ் மரபு போற்றியது இன்னொரு கயிற்றையும் ஆகும். அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியின் கயிறு அது. ஆள்வோர் இழுப்பது தேரின் வடம். ஆளப்படுவோர் இழுப்பது ஆராய்ச்சி மணி. கன்றை இழந்த பசுவின் கொம்புக்கும் எட்டும் உயரத்தில் அந்த மணி இருந்ததாகவே மனுநீதிச் சோழன் கதை கூறுகிறது. அந்நியர் ஆட்சி மணியை உடைக்கவில்லை. கயிற்றை மட்டும் மேலே சுருட்டிக்கொண்டது.

பத்தாண்டுகளாகச் சிற்றூர்களில் கவியரங்கம் நடத்திவரும் இவ்வட்டத்தின் கவிஞர்கள் காக்கியைப் பற்றி எழுதும் கவிதைகளில் தடி வருகிறது, பூட்சு வருகிறது, இரத்தம் வருகிறது. அவை உண்மைகளே. அவற்றோடு அந்தத் தடிக்கு மேலே செல்லும் படிகளும் வரட்டும். ஆணையிட்டவரின் பெயர் எழுதப்படாத கோப்பும், வேலையைவிட முடியாமல் வெயிலில் தண்டப் பயிற்சி செய்த கான்ஸ்டபிளும், எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கத் தெரியாமல் சாவடித் திண்ணையிலிருந்து எழுந்து வீடு திரும்பியவனும் வரட்டும். வாளை வீசியவனை மட்டும் பாடியிருந்தால் சிலப்பதிகாரம் ஒரு கொலைச் செய்தியாக முடிந்திருக்கும். கண்ணகியை அரசவை வரை நடக்கவிட்டதால்தான் அது காப்பியமாயிற்று. காவலரையும் காவலனையும் மீண்டும் ஒரே சொல்லுக்குள் கொண்டுவரும் வேலை சட்டத்தால் மட்டும் முடிவதன்று; அச்சொல்லைத் தந்த மொழியின் கவிஞர்க்கும் அதில் பங்குண்டு.